நடுங்கும் ஐஸ் பேக்டரி

அத்தியாயம் ஏழு

கதவு மூடிய சத்தமே கேட்கவில்லை. என்னைப் பயமுறுத்தியது அதுதான். இரண்டாள் சேர்ந்து தள்ள வேண்டிய தேக்குக் கதவு, மூடும்போது ஒரு மரியாதைக்காவது 'டமார்' என்று சொல்ல வேண்டாமா? உள்பக்கம் முழுக்கத் தென்னந்தும்பு மெத்தை தைத்து வைத்திருந்ததால் பூனை நடந்ததுபோல் வந்து சாத்திக்கொண்டது.

"அண்ணாச்சி, பூட்டிட்டான்" என்றேன்.

"தெரியுதுலே" என்றார் கிருஷ்ணமணி அண்ணாச்சி. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மோட்டாருக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு கச்சேரி கேட்பவர்போல் நின்றார்.

"கத்தட்டுமா?"

"கத்து. நெஞ்சு பாரம் குறையும்."

கத்தினேன். என் தொண்டையை ஊரில் எல்லாருக்கும் தெரியும், கிறிஸ்மஸ் பஜனையில் பெட்ரோமாக்ஸ் தூக்குகிறவனைவிட எனக்குத்தான் முதல் அழைப்பு வரும். அந்தத் தொண்டை இந்த அறைக்குள் செத்துவிட்டது. ஒரு பக்கம் தவிர மற்ற சுவரெல்லாம் இரட்டைச் சுவர், நடுவில் உமி. தரையில் தும்பு மெத்தை, ஓரமெல்லாம் மணல் மூட்டை. கத்தின சத்தத்தை அறையே தின்றுவிட்டது.

நாங்கள் இதற்குள் வந்து மாட்டிய கதையைச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணமணி அண்ணாச்சி பூதப்பாண்டிக்காரர். நாகர்கோவில் தந்தி ஆபீசில் இருந்தவர். தந்திக் கருவி கட்டுக்கட்டு என்று அடிப்பதைக் கேட்டே மறுமுனையில் இருப்பவன் கோபமாக இருக்கிறானா தூங்கி வழிகிறானா என்று சொல்லிவிடுவார். மேலதிகாரியோடு சண்டை போட்டு வெளியே வந்து, துப்பறிகிறேன் என்று போர்டு மாட்டிவிட்டார். ரசலையனாகிய நான் அவருக்கு உதவியாள். என் வேலை அவர் யோசிக்கும்போது பேசாமல் இருப்பது. அதை இதுவரை ஒருநாளும் சரியாகச் செய்ததில்லை.

எங்களைத் தேடி வந்தவள் பூங்கனி. அவள் புருஷன் யோவான், இரணியல் ரோட்டில் முத்துநாயகம் முதலாளியின் ஐஸ் பேக்டரியில் ஃபிட்டர். பேக்டரிக்குப் புதிதாக இரண்டாவது மோட்டார் ஒன்று வந்திறங்கியது. வந்த வாரமே மோட்டாரையும் காணோம், யோவானையும் காணோம். மோட்டாரைத் திருடி விற்றுவிட்டுக் கொழும்புக்கு ஓடிவிட்டான் என்று முதலாளி புகார் கொடுத்தார். போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது. சபையில் பூங்கனியின் பக்கத்தில் உட்காரக்கூட ஆளில்லாமல் போனது.

அவள் எங்களிடம் சொன்னது ஒரே ஒரு விஷயம். "வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு நான் சர்ச்சுல பேக்டரிச் சுவரை ஒட்டித்தான் இருப்பேன் அண்ணாச்சி. முந்தியெல்லாம் மோட்டார் இரைச்சல் கோடு போட்டது மாதிரி நேராட்டு இருக்கும். அவிய காணாமப் போனதுக்கு அப்புறம் அது ஏறி எறங்குது. ஏறி எறங்குனா மோட்டாரு ஒத்தையில இல்லன்னு அவிய சொல்லுவாவ. ரெண்டு ஓடுது, வேகம் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரலன்னு அர்த்தமாம்."

போலீஸ் ஸ்டேஷனில் இதைக் கேட்டுச் சிரித்தார்களாம். அண்ணாச்சி சிரிக்கவில்லை. திருடுபோன மோட்டார் அந்தப் பேக்டரிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தால், ஓடிப்போன யோவானும் எங்கேயும் ஓடவில்லை என்றுதானே ஆகிறது!

ஆனால் நாங்கள் வருவதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். இரைச்சல் ஏறி இறங்குவது ஜெபத்தைக் கெடுக்கிறது என்று சபைப் பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் பைபிள் உமன் தங்கபாய் சண்டைக்குப் போய்விட்டாள். முத்துநாயகம் சபைக் கமிட்டிக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, "இனி ஜெப நேரத்துல எனக்க மோட்டார் சத்தம் உங்க காதுல விழுந்தா, நானே போய் எனக்க கையால நிறுத்துவேன். ஐஸ் ஒக்க உருகிப் போனாலும் சரி" என்று சொன்னார். சபை ஆமென் சொன்னது. அதற்குப் பிறகுதான் இந்தத் தும்பும் உமியும் மணல் மூட்டையும்.

சத்தத்தை அடக்கிய அழகைப் பார்க்க வந்த மெட்ராஸ் மோட்டார் கம்பெனிக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு அன்று மத்தியானம் உள்ளே நுழைந்தோம். அந்த வேஷத்தில் எனக்கு வெங்கடேசன் என்று பெயர். முதலாளி பெருமையோடு எல்லாம் காட்டினார். குளிரக் குளிர இரண்டு கலர் சோடா வரவழைத்துக் கொடுத்தார். நான் பாட்டிலை வாங்கினேன், கண்ணை மூடினேன், "கர்த்தாவே, இந்தப் பானத்தை ஆசீர்வதியும், ஆமென்" என்று முணுமுணுத்துவிட்டுக் குடித்தேன். மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவன், ஸ்தோத்திரம் சொல்லாமல் எனக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்காது. கண்ணைத் திறந்தபோது முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் அறையையும் பாருங்கள் என்று எங்களை முன்னால் விட்டார். பிறகு கதவு பூனைபோல் மூடியது.

கூரைக்குக் கீழே கையகலத்தில் ஒரு காற்றுத்துவாரம் இருந்தது. அதன் மூடி விலகி முத்துநாயகத்தின் குரல் வந்தது.

"வெங்கடேசன் சாரே, சோடா கொள்ளாமா?"

"கேஸ் கொஞ்சம் கம்மி முதலாளி" என்றேன்.

"பூங்கனி அனுப்புன ஆளுகதானே நீங்க? சாயங்காலம் தேங்காய்ப்பட்டணத்துக்கு மீனுக்கு ஐஸ் வண்டி போவும். நீங்க தேடுத ஆளும் அதுல ஒரு பெட்டிக்குள்ள போவான். நாளைக்கு உங்களைத் தெறந்து விடுதேன். அப்புறம் நீங்க யாருகிட்ட என்ன சொன்னாலும் எனக்கென்ன?"

"ஐஸ் பெட்டிக்குள்ள மனுஷன் உயிரோட இருப்பானா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"இருக்கணும்ன்னு நான் சொன்னேனா?"

மூடி அடைந்தது. எனக்கு அதற்குமேல் வேடிக்கை வரவில்லை. காற்றும் நின்றுபோய், உமியும் எண்ணெய்ப் புகையும் கலந்த நாற்றம் மூக்கை அடைத்தது. சுவர்கள் ஒரு முழம் உள்ளே நகர்ந்துவிட்டதாகத் தோன்றியது. இந்தப் பக்கச் சுவருக்கு அப்பால்தான் சர்ச். இன்று வெள்ளிக்கிழமை. பூங்கனி சுவருக்கு அந்தப் புறம் முழங்காலில் நின்று புருஷனுக்காக ஜெபித்துக்கொண்டிருப்பாள். நாங்கள் இந்தப் புறம் அவன் சாகப்போகிற செய்தியை வைத்துக்கொண்டு நிற்கிறோம்.

"செருப்பைக் கழத்துலே" என்றார் அண்ணாச்சி.

"ஜெபம் பண்ணவா?"

"கழத்துலே மடையா!"

தும்பு மெத்தையின் ஓரத்தைப் புரட்டிவிட்டு இருவரும் வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்றோம். அண்ணாச்சி சுவிட்சைக் கீழே தள்ளினார். மோட்டார் முனகி, இளைத்து, நின்றது. அடுத்த அறைக்குப் போகும் பெல்ட்டும் நின்றது.

என் உள்ளங்காலில் தரை நடுங்கிக்கொண்டேயிருந்தது.

"மோட்டாருக்க நடுக்கம்னா மோட்டாரோட சேந்து ஓயணும்" என்றார் அண்ணாச்சி. "இது ஓயல. இப்ப ஏறி எறங்கவும் இல்ல, பாத்தியா? ஒத்தையாட்டு நேரா ஓடுது."

"அப்போ ரெண்டாவது மோட்டாரு..."

"நமக்கு அடியில."

இருவரும் மூட்டைகளைப் புரட்டத் தொடங்கினோம். மூலையில் ஒரு மூட்டைக்கடியில் இரும்புத் தகடு ஒன்று தட்டுப்பட்டது. முன்னே இங்கே ஆயில் எஞ்சின் இருந்த காலத்துக் குழியின் மூடி. என் உடம்பு ஒடுங்கினால் நுழையலாம், அவ்வளவுதான் அகலம். அண்ணாச்சியின் பையிலிருந்த ஸ்பேனரை விளிம்பில் கொடுத்து நெம்பிப் பார்த்தோம். அசையவில்லை. மேலே பூட்டும் இல்லை, கொண்டியும் இல்லை.

அண்ணாச்சி குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். "உள்ளயிருந்து தாழ்ப்பாள் போட்டிருக்கு."

ஸ்பேனரால் தகட்டில் ஓங்கி அடித்தேன். "யோவானே! லேய் யோவானே! பூங்கனி அனுப்பி வந்திருக்கோம்!" பதில் இல்லை. மறுபடி மறுபடி அடித்தேன். கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் அசைகிற அரவம்கூட இல்லை.

"அடைபட்டுக் கிடக்கவன் உள்ளயிருந்து தாழ்ப்பாள் போடுவானா அண்ணாச்சி?" என்றேன். "போலீஸ்காரன் சொன்னதுல பாதி சரி. இவன் கொழும்புக்கு ஓடல. முதலாளிக்கக் கூட்டாளியாட்டு கீழ இருக்கான். கூட்டாளிக்கும் இண்ணைக்குக் கணக்குத் தீக்கப்போறான் முதலாளி."

அண்ணாச்சி ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவருக்கும் அதே சந்தேகம் என்று அர்த்தம். அந்தப் பெண்ணிடம் போய், உன் புருஷன் உன்னைத் தனியே தவிக்கவிட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் சுகமாகத் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருந்தான் என்று எந்த வாயால் சொல்வது? எனக்கு அந்த யோவான்மேல் பொல்லாத கோபம் வந்தது.

"எதுவானாலும் அவனை உயிரோட பாத்துக் கேட்டுக்கிடுவோம்" என்றார் அண்ணாச்சி கடைசியில்.

"மோட்டாரு நின்னபடியே இருக்கட்டும். ஐஸ் உருகுனா முதலாளி கதவைத் தெறந்துட்டு ஓடி வருவான்" என்றேன்.

"உமிக்குள்ள கிடக்க ஐஸ் நாளைக்கு வரைக்கும் தாங்கும்லே. வண்டி சாயங்காலமே போயிரும்." அவர் சர்ச் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். "இந்தச் சுவரு மட்டும் ஏன் ஒத்தைச் சுவரா இருக்கு?"

"அது சபைக்க சுவரு. இடிச்சுக் கட்ட சபை சம்மதிக்காது. அதான் வெறும் மூட்டையை அடுக்கியிருக்கான்."

"அப்ப மூட்டையை எடு."

"எடுத்து?"

"சத்தத்தை அடக்க அவன் என்னெல்லாம் செஞ்சானோ, ஒண்ணொண்ணாட்டு அவுப்போம். காத்துல போற சத்தம் இந்த அறைக்குள்ள செத்துப்போவும். சுவருல ஏறுன சத்தம் சாவாது."

சுவரோரம் கிடந்த மூட்டைகளை இழுத்துத் தள்ளினோம். ஒவ்வொன்றும் அதன் அளவுக்கு இரட்டைப் பாரம் கனத்தது, என் இடுப்பு என்னைக் கைவிட்டது. மோட்டாருக்கு அடியில் கிடந்த தும்பு மெத்தையை உருவினோம். அண்ணாச்சி ஸ்பேனரால் அடித்தளத்து போல்ட்டுகளில் இரண்டைத் தளர்த்தினார். பழைய எஞ்சினின் தண்டவாளத் துண்டு ஒன்று மூலையில் கிடந்தது. அதை மோட்டாரின் அடித்தட்டுக்கும் சர்ச் சுவருக்கும் நடுவில் முட்டுக்கொடுத்து இறுக்கினோம்.

"உனக்க வெத்தலைச் செல்லத்தைக் குடு."

"எனக்கச் செல்லத்தையா? அது பித்தளை அண்ணாச்சி! எனக்க மாமனாரு குடுத்தது!"

"அதனாலதான் கேக்கேன். கனமா இருக்கும்."

என் வெற்றிலைச் செல்லத்தைக் கயிற்றுப்பிரியால் மோட்டார்ச் சக்கரத்தின் ஒரு பக்கத்து ஆரக்காலோடு சேர்த்து இறுகக் கட்டினார். ஒரு பக்கம் மட்டும் கனத்த சக்கரம் சுற்றினால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும், மாட்டு வண்டிச் சக்கரத்தில் இரும்புப் பட்டை ஒரு பக்கம் கழன்றால் முதுகெலும்பு படும் பாட்டை அனுபவித்தவன் நான்.

"மீதி ரெண்டு போல்ட்டும் கழன்டா?"

"மோட்டாரு நம்ம மேல வரும். தள்ளி நில்லு."

சுவிட்சு மேலே போனது. மோட்டார் முதலில் ஒரு குலுக்குக் குலுக்கியது. பிறகு வேகம் ஏற ஏற, அந்த இரும்புக் கட்டி வெறிபிடித்ததுபோல் துள்ளத் தொடங்கியது. தண்டவாளம் சுவரை இடித்தது. சுவர் முழுக்க உறுமியது. கூரை ஓடு ஒன்று எங்கள் நடுவில் விழுந்து உடைந்தது. என் பல்லெல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டது. நான் காதைப் பொத்திக்கொண்டு, என் வாழ்நாளில் சொல்லாத அத்தனை ஜெபத்தையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ! மூன்றாவது போல்ட் கழன்று என் தலையை உரசிக்கொண்டு பறந்தபோது, கதவு திறந்தது.

வாசலில் முத்துநாயகம் நின்றார். முகத்தில் ரத்தமில்லை. அவருக்குப் பின்னால் குடையை ஓங்கியபடி தங்கபாய். அவளுக்குப் பின்னால் முக்காடிட்ட பெண்கள், பாதிச் சபையே இருந்தது. எல்லாரும் ஜெபத்திலிருந்து அப்படியே எழுந்து வெறுங்காலோடு வந்திருந்தார்கள். சர்ச் விளக்கு அறுந்து விழுந்துவிட்டதாம். சாவி தொலைந்துவிட்டது என்று முதலாளி சொல்லிப் பார்த்தாராம். சாவிக்கொத்து அவர் இடுப்பில் தொங்குவதைத் தங்கபாய்தான் காட்டினாளாம்.

"சபை முன்னால சொன்ன வாக்கு" என்று கத்தினாள் தங்கபாய். "போவும்! போய் உமக்க கையால நிறுத்தும்!"

அவர் எங்களைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். வேறு வழியில்லை. உள்ளே வந்து தன் கையாலேயே சுவிட்சைத் தள்ளினார். மோட்டார் என் செல்லத்தோடு சேர்ந்து மெல்ல அடங்கியது.

"நீங்க ரெண்டுபேரும் யாரு?" என்று எங்கள் பக்கம் குடையைத் திருப்பினாள் தங்கபாய்.

"அதை அப்புறம் சொல்லுதேன் அம்மா" என்றார் அண்ணாச்சி. "எல்லாரும் கொஞ்ச நேரம் அசையாம நில்லுங்க. மோட்டாரு நின்னாச்சு இல்லா? உங்க காலுக்கடியில என்ன தெரியுது?"

பெண்கள் குனிந்து தங்கள் பாதங்களைப் பார்த்துக்கொண்டார்கள். முதலில் புரிந்துகொண்டவள் பூங்கனி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அண்ணாச்சி... இன்னும் ஓடுது. கீழ ஒண்ணு ஓடுது."

முத்துநாயகம் வாசல் பக்கம் திரும்பினார். வாசலில் தங்கபாய் நின்றாள். அதைவிடப் பூட்டிய கதவே மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

அண்ணாச்சி பேனாக்கத்தியால் ஒரு மணல் மூட்டையைக் கிழித்தார். கொட்டியது வெள்ளை மணல் இல்லை. கன்னங்கரேலென்று மினுங்கும் கருமணல். "மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல். இதுல இருக்க தாதுவுக்கு சீமையில என்ன மவுசுன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். சர்க்கார் அனுமதி இல்லாம ஒரு பிடி அள்ளப்படாது. ஐஸ் கொண்டுபோற வண்டி திரும்பும்போது இதை ஏத்திட்டு வந்திருக்கு. யாராவது கேட்டா, சத்தத்தை அடக்க மணல் மூட்டை. ஊருக்கு நல்லது செய்யுத முதலாளி!"

"எப்படி அண்ணாச்சி கண்டுபிடிச்சீங்க?" என்றேன். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல், இதைப் பூட்டிய அறைக்குள் என்னிடம் சொல்லியிருந்தால் என்ன?

"இந்த அறையில எல்லாத்துலயும் எண்ணெய்ப் புகை படிஞ்சிருக்கு. மூட்டையில மட்டும் படியல. அடிக்கடி மாத்துதான். எல்லாச் சாக்குலயும் உமி ஒட்டியிருக்கு, அதனால இது ஐஸுக்கு உமி சேத்து வச்சிருக்க உமிப்புரை வழியாத்தான் வருது போவுது. கீழ மணலைக் குலுக்கிப் பிரிக்க மெஷின், அதை ஓட்ட காணாமப்போன மோட்டாரு. கீழ போற வழியும் உமிப்புரையிலதான் இருக்கணும்."

"அவிய இருக்காவளா?" பூங்கனி வேறெதையும் கேட்கவில்லை.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். உள்ளிருந்து போட்ட தாழ்ப்பாளைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. "பாப்போம் மக்கா" என்று மட்டும் சொன்னார்.

முதலாளியின் இடுப்பிலிருந்து தங்கபாயே சாவியை உருவிக் கொடுத்தாள். போலீஸ் வரும்வரை அவரை ஓர் ஐஸ்கட்டியின் மேல் உட்காரவைத்துப் பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள்.

உமிப்புரையின் பின்மூலையில், குவித்த உமிக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்ததும் இரைச்சல் எங்களை அறைந்தது. அந்தக் குழிக்குள் தும்பும் இல்லை, மெத்தையும் இல்லை. குலுங்கும் இரும்புத் தட்டின் கடகடப்பும் மோட்டாரின் ஊளையும் நாலு கல்சுவருக்குள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. விளக்கின் அடியில், எங்களுக்கு முதுகு காட்டி ஒருவன் உட்கார்ந்திருந்தான். கையில் விலங்கும் இல்லை, காலில் கட்டும் இல்லை.

"இஞ்சேருங்க!" என்று பூங்கனி கூப்பிட்டாள்.

அவன் திரும்பவில்லை. அவள் மறுபடி கூப்பிட்டாள், தொண்டை கிழியும்படி. அவன் திரும்பவேயில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தகட்டில் அத்தனை அடி அடித்தும் பதில் வராததற்குக் காரணம் கள்ளத்தனம் இல்லை. இந்த இரைச்சல் அவன் காதைத் தின்றுவிட்டிருந்தது.

அவள் இறங்கிப்போய் அவன் தோளைத் தொட்டாள். துள்ளித் திரும்பினான். தாடி வளர்ந்த முகத்தில் சந்தோஷத்துக்கு முன்னால் பயம் வந்தது.

"ஏட்டி, நீ ஏன் வந்தே?" காது கேளாதவன் பேசுகிற உரத்த குரல். "போ! இந்த மோட்டாரு நின்னா அடுத்த நிமிஷம் உன்னைத் தீத்துருவேன்னு சொல்லியிருக்கான்! உனக்க வாசல்ல ஆள் நிக்குதான்! யாரும் வந்து நிறுத்தப்படாதுன்னு மேல தாழ்ப்பாளும் நாந்தான் போட்டேன்! போ பிள்ளே!"

அவனைக் கூட்டுக்களவாணி என்று சொன்ன என் நாக்கை இழுத்து அறுத்தாலும் தகும். அண்ணாச்சி என் பக்கம் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பூங்கனி அவனைத் தாண்டிக் கையை நீட்டி, சுவிட்சை இழுத்துத் தள்ளினாள்.

"நிறுத்தாதே!" என்று அலறிக்கொண்டு அவன் பாய்ந்தான். தட்டின் ஆட்டம் குறைந்தது. மோட்டார் நின்றது. தரை அசையாமல் கிடந்தது. யோவான் மேலே கதவையே வெறித்தான், யாரோ வந்து அவளை வெட்டப்போகிறார்கள் என்று. யாரும் வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் பூங்கனி. அவனுக்குக் கேட்கவில்லை. அவள் உதட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினான், புரியவில்லை என்று. அவள் ஒரு கணம் திகைத்து நின்றாள். பிறகு அத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையும் பாராமல் அவனுடைய வலது கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, "நான் இருக்கேன், நான் இருக்கேன், இஞ்சேருங்க, நான் இருக்கேன்" என்று சொன்னாள்.

குரலின் நடுக்கம் விரலில் ஏற ஏற, அவன் முகம் மெல்ல மாறியது. அவள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கையை எடுக்கவேயில்லை.